பழைய டிராக்டர் டிரெய்லர்களைப் பரிசோதித்தலும் பராமரித்தலும்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தவுடன் சம்பா அறுவடையும் கரும்பு வெட்டும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. களத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்கும், கரும்பை நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்கும் கொண்டு சேர்ப்பதில் டிராக்டர் டிரெய்லருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும், டிராக்டருக்குக் காலந்தவறாது எண்ணெய் மாற்றும் விவசாயிகளிற் பலர், டிரெய்லரை வேலியோரம் மழையில் விட்டுவைத்து, மறு வருஷம் அப்படியே பூட்டி ஓட்டுகின்றனர். எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும்; பழுது தானே வெளிப்படும். டிரெய்லரோ பழுதுடனேயே ஓடும். அதன் குறை தெரிவது பாரம் ஏற்றிச் சாலைக்கு வந்த பின்னரே. ஆகையால் அக்குறைகளை நாமே முன்னதாகத் தேடிக் காண வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் நான் நேரிற் கண்டதைக் கூறுகிறேன். தேய்ந்த இணைப்புப் பின்னுக்குப் பதிலாகச் சாதாரண போல்ட் ஒன்றைச் செருகி, நெல் மூட்டைகளுடன் வாய்க்கால் கரையின் ஏற்றத்தில் டிரெய்லரை இழுத்தனர். போல்ட் அறுந்தது, டிரெய்லர் பின்னோக்கி உருண்டது, பின்னால் நடந்து வந்த தொழிலாளி ஒருவரின் கால் முறிந்தது. சிறு செலவில் மாற்றத்தக்க ஒரு பின்னை மாற்றாததால், ஒரு குடும்பம் அவ்வருஷத்து அறுவடைக் கூலியை இழந்தது. மாட்டு வண்டிக்குக் கடையாணி எத்தகையதோ, டிரெய்லருக்கு இணைப்புப் பின் அத்தகையது.

பரிசோதனைக்கு அரை நாள் போதும். கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. இணைப்பு: பின், வளையம், இழுவைச் சட்டம் ஆகியவற்றில் தேய்மானமும் வெடிப்பும் உண்டா எனப் பார்க்க. பின் நழுவாதபடி அடியில் கிளிப் இருத்தல் வேண்டும். பின் அறுந்தாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதபடி, காப்புச் சங்கிலி ஒன்றைத் தனியே பிணைத்தல் நலம்.

2. சக்கரங்கள்: எதிர்ச் சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் ஒரு பக்கத்தை உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டை கொடுத்த பின்னரே வேலை தொடங்குக. ஜாக்கியை மட்டும் நம்புதல் ஆபத்து. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் காணின் பேரிங் தளர்ந்துள்ளது. சுழற்றுகையில் கரகரவென்று ஒலித்தால் பேரிங் தேய்ந்துள்ளது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைப் போன்ற காலங்களில் நீரில் மூழ்கிய டிரெய்லரின் பேரிங்குகளைக் கழற்றிக் கழுவி, புதிய கிரீஸ் இடாமல் ஓட்டலாகாது. சக்கர நட்டுகளை முறுக்கிய பின், சிறிது தூரம் பாரத்துடன் ஓட்டி, மறுமுறையும் முறுக்குக.

3. டயர்: பட்டன் தேயாத டயரும் வெயிலிற் கிடந்தால் பக்கங்களில் வெடித்துவிடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைக் காட்டும். 2318 என்றிருப்பின் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள்.

4. இரும்புச் சட்டமும் தளமும்: கடலோர உப்புக் காற்றும், சிந்திய உரமும் இரும்பை அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே தளத்தைக் கழுவி உலரவிடுக. பற்றவைத்த இடங்களைச் சுரண்டி, சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, துரு நீக்கி வர்ணம் பூசுக. சாய்த்துக் கொட்டும் டிரெய்லராயின், பெட்டியைத் தூக்கிய நிலையில் முட்டுக் கொடாமல் எவரும் அதன் கீழ் நுழையலாகாது.

5. பிரேக்: பழைய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் இல்லை, முழுப் பாரத்தையும் டிராக்டரே நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆகவே சாலையில் செல்லுகையில் டிராக்டரின் இரு பிரேக் மிதிகளையும் அவசியம் ஒன்றாகப் பூட்டுக. ஒரு மிதி மட்டும் அழுந்தினால் வண்டி ஒரு பக்கம் திரும்பிக் கவிழக்கூடும்.

6. பாரம்: இரு சக்கர டிரெய்லரில் பின்புறம் பாரம் மிகுந்தால் டிராக்டரின் பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும், முன்புறம் மிகுந்தால் முன் சக்கரங்கள் தூக்கி, ஸ்டியரிங் பயன்படாது. அச்சின் மேல் பாரம் அமைந்து, சிறிதளவே முன்னோக்கி இருத்தல் தக்கது.

7. இரவுப் பயணம்: பின்புறம் இருபக்கமும் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இருக்க வேண்டுமென்பது சட்டம். தொங்கும் கரும்புத் தோகை அவற்றை மறைக்காதபடி பார்த்துக்கொள்க.

கிராம அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. மார்கழியில் ஆருத்ரா தரிசனத்திற்கும், ஆனித் திருமஞ்சனத்திற்கும் சிதம்பரத்திற்குக் குடும்பத்தோடு டிரெய்லரில் ஏறிச் செல்வோர் உண்டு. டிரெய்லர் சரக்கு ஏற்றுவதற்கு உரியதேயன்றி மனிதர் ஏறிச் செல்வதற்கு அன்று. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு பெறுவதும் கடினமாகும். இதனைத் திருவிழாவுக்கு முன்பே கிராமத்தாருக்கு எடுத்துரைப்பது பேருதவியாகும்.

அறுவடை நெருங்கிய பின் பழுது பார்க்கப் பட்டறையில் இடம் கிடைப்பதரிது. மழை ஓய்ந்த முதல் வாரத்திலேயே இவ்வேலையை முடித்துக்கொள்ளும் விவசாயிக்கு நெல்லும் கரும்பும் மட்டுமன்றி, உடன் உழைப்போரும் பத்திரமாக வீடு சேருவர்.