காமன் எரிந்தானா?

மாசி மாதத்து அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும், யட்டியாந்தோட்டை முதலாகத் தமிழர் வாழும் மலைநாட்டுத் தோட்டங்களிலே தப்பொலி எழும். லயங்களுக்கு அண்மையிலுள்ள வெளியில் கரும்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிய கம்பம் நடப்படும். இதற்குக் காமன் ஊன்றுதல் என்று பெயர். அன்று தொடங்கும் காமன் கூத்து பௌர்ணமியை ஒட்டி நிறைவெய்தும். மன்மதன், இரதி ஆகிய இரு வேடங்களையும் ஆண்களே புனைவது மரபு.

தேவர்களின் ஏவலால் மன்மதன் சிவபெருமான்மீது மலர்க்கணை எய்கிறான். தவம் கலைந்த இறைவனின் நெற்றிக்கண் அவனைச் சாம்பலாக்குகிறது. கதையில் வியப்புக்குரிய இடம் இதுவன்று. இரதி அழுது இரந்தபின் மன்மதன் மீண்டும் உயிர் பெறுகிறான். ஆனால் அவன் உருவம் அவள் கண்ணுக்கு மட்டுமே புலனாகும். ஏனையோருக்கு அவன் உருவமற்ற அனங்கன். அப்படியாயின் காமன் எரிந்தானா, எரியவில்லையா?

இக்கேள்வி தஞ்சை வட்டாரத்தில் இரு கட்சிகளையே தோற்றுவித்தது. மராட்டியர் ஆட்சியோடு அங்கு வந்த லாவணிப் பாட்டிலே எரிந்த கட்சியாரும் எரியாத கட்சியாரும் விடிய விடிய வாதாடுவர். சாம்பலைக் கண்ணெதிரே கண்டபின் ஐயமென்ன என்பார் ஒருவர். காமன் அடியோடு அழிந்திருந்தால் சிவனுக்கும் உமைக்கும் திருமணம் ஏது, முருகன் பிறந்தது எவ்வாறு என்று மடக்குவார் மற்றவர். ஆசைக்கு உடல் ஏது, எரிவதற்கு? உரத்த குரல் நியாயத்தை வென்ற இரவுகளும் இருந்திருக்கும். வழக்கோ இன்னும் தீரவில்லை.

தோட்டத்து மக்களின் தீர்ப்பை அறிய வாதம் வேண்டியதில்லை; இரதியின் ஒப்பாரி எழும்போது கூட்டத்தைப் பார்த்தால் போதும். தாலியிழந்து நிற்பவன் வேடமிட்ட பக்கத்து லயத்து இளைஞன் என்பதை யாவரும் அறிவர். அறிந்தும் பெண்கள் விம்முவர். இது வெறும் பக்திக் கண்ணீர் என்பார் சிலர். அது முழுவதும் சரியன்று. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் கப்பலேற, தங்கை மலையிலேயே தங்கினாள். பிறர் காணாத ஒருவரைத் தன் நெஞ்சில் மட்டும் கண்டு வாழ்வது இரதிக்கு மட்டும் நேர்ந்ததன்று. அத்தகைய வீடுகளில் மன்மதன் எரியாத கட்சியே ஓங்கியிருக்கும்.

எரித்த மூன்றாம் நாள் காமனை எழுப்பும் சடங்கு நடைபெறும். அதுவும் முடிந்தபின் இரதியாக நின்றவன் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, விடியலில் கத்தியும் வாளியுமாக இறப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவான்.