தங்கத்தில் வெள்ளி சேர்க்கும் சோதனை

இந்திய தர நிர்ணய அமைவனம் என்றதும் குக்கரிலும் மின்கம்பியிலும் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரைதான் நினைவுக்கு வரும். அதன் வேலையில் என்னை அதிகம் ஈர்ப்பது தங்க நகையின் தூய்மையைக் காட்டும் ஹால்மார்க் முத்திரைக்குப் பின்னால் இருக்கும் நெருப்புச் சோதனை. தங்கம் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, முதலில் அதில் வெள்ளியைச் சேர்க்கிறார்கள்! நகையில் துளி சுரண்டி, எடை பார்த்து, அதிலுள்ள தங்கத்தைப் போல் சுமார் இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, நுண்துளைகள் உள்ள சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் ஏற்றுவார்கள். ஈயம் ஆக்சைடாகி, செம்பையும் துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். மிஞ்சும் மணியைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரையும்; எஞ்சுவது தங்கம். வெள்ளி குறைவாக இருந்தால் தங்கம் அதைப் பொதிந்து காத்துவிடும், அமிலம் உள்ளே புகாது. வெள்ளியை முழுதாக வெளியேற்றவே வெள்ளி சேர்க்கிறார்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்றால் 22 காரட்.

உரைகல்லும் எக்ஸ்ரே கருவியும் இருக்க, நகையைச் சுரண்டுவானேன் என்று கேட்கலாம். இரண்டும் மேற்பரப்பைத்தான் பார்க்கின்றன; கனத்த முலாமுக்குள் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் கருவி ஒரு தொகுதி நகைகளை முதலில் சலித்துத் தருகிறது, அதிலிருந்து எடுத்த மாதிரிக்கு நெருப்பு தீர்ப்புச் சொல்கிறது. ஒவ்வொரு நகையும் உலைக்குப் போவதில்லை என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். ஹால்மார்க் கட்டாயம் என்பது சிறு பொற்கொல்லர்களுக்குச் சுமையல்லவா என்ற கேள்வி நியாயமானது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. முத்திரையைப் போலியாகக் குத்தலாமே என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். அதற்காகவே 2021 முதல் ஒவ்வொரு நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனிக் குறியீடு வந்தது. 2023 ஏப்ரல் முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தக் குறியீட்டை இட்டால் நகையின் தூய்மையும் சோதித்த மையமும் தெரியும். செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுவதில்லை. காட்மியம் கலந்த பற்றுவைப்பைக் குறிக்கும் 'கேடிஎம்' என்பதைத் தரச்சான்றாக எண்ணி இன்னும் கேட்கிறார்கள்; அந்த உலோகப் புகை பட்டறையில் உழைப்பவரின் நுரையீரலைக் கெடுப்பது. ஹால்மார்க் நகை குறித்த தூய்மைக்குக் குறைந்திருந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல் இரு மடங்கையும் சோதனைக் கட்டணத்தையும் விற்றவர் தர வேண்டும் என்கிறது 2018-ஆம் ஆண்டு விதி. தூய்மையும் எடையும் குறித்த ரசீதைக் கடையிலேயே கேட்டு வாங்கியவருக்கு அதைக் கோருவது எளிது.