குவிப்புத் தீர்வையும் மறுஆய்வு கோரும் உரிமையும்

அயல்நாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கும் வணிகர் முதலில் அறிய விரும்புவது, தாம் செலுத்த வேண்டிய தீர்வை எவ்வளவு என்பதே. அது தெரிந்தாலன்றி விற்பனை விலையை வகுக்க இயலாது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு தீர்வை உண்டு. சரக்கு துறைமுகத்தில் இறங்கும் நாளில் அதன் இறுதி அளவு எவருக்கும் தெரியாது. சரக்கெல்லாம் விற்றுத் தீர்ந்து, ஒன்றரை ஆண்டோ இரண்டு ஆண்டோ, சிலபோது அதற்கு மேலுமோ கழிந்த பின்னரே அது முடிவாகும். அதுதான் குவிப்புத் தடுப்புத் தீர்வை. அதனை மறுஆய்வு செய்யுமாறு அந்நாட்டு அரசாங்கத்தை இறக்குமதியாளர் எவ்வாறு கேட்கலாம் என்பதே இப்பேச்சின் பொருள்.

தம் நாட்டுச் சந்தையில் பெறும் விலையைவிடக் குறைந்த விலைக்கு அயல்நாட்டில் சரக்கை விற்பதைக் குவிப்பு என்பர். மலிவாக விற்பது குற்றமா என்று மாணவர் கேட்கலாம். குற்றமன்று, வாங்குவோருக்கு அது மகிழ்ச்சியே. ஆயினும் அதே பொருளைச் செய்யும் உள்நாட்டுத் தொழில் அதனால் நலிவுறுமாயின், அவ்விலை வேறுபாட்டை ஈடுசெய்யும் அளவுக்குத் தீர்வை விதிக்கலாம் என்பது பல நாடுகளின் சட்டம். 1904ஆம் ஆண்டில் கனடா இதற்கு வழிகாட்டியது. 1921இல் அமெரிக்கா தனிச்சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் குவிப்பு உண்டா, எவ்வளவு என்பதை வர்த்தக இலாகா கணிக்கிறது. தொழில் நலிவுற்றதா என்பதைச் சர்வதேச வர்த்தக ஆணைக்குழு தீர்மானிக்கிறது. இரண்டும் 'ஆம்' என்றால் தீர்வை ஆணை பிறக்கும்.

நமக்கு அணுக்கமான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தூத்துக்குடி, விசாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து உறைபனி இறால் அமெரிக்காவுக்குச் செல்கிறது. 2005ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் இந்திய இறால் மீது குவிப்புத் தீர்வை ஆணை வெளியாயிற்று. தனித்தனியே ஆராயப்படாத நிறுவனங்களின் சரக்குக்கு அப்போது குறிக்கப்பட்ட விகிதம் நூற்றுக்கு 10.17. இதனைச் செலுத்துபவர் நம் ஏற்றுமதியாளர் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, அமெரிக்காவில் அச்சரக்கை இறக்குகின்ற வணிகரே செலுத்துகிறார்.

அவர் செலுத்துவதும் உண்மையில் தீர்வையன்று, முன்வைப்புத் தொகையே. 1,00,000 டாலர் பெறுமான இறாலை அவர் இறக்கினார் எனக் கொள்வோம். 10.17 விகிதப்படி 10,170 டாலரைச் சுங்க இலாகாவில் கட்டி வைப்பார். பின்னர் மறுஆய்வு நிகழ்ந்து, உண்மையான வேறுபாடு நூற்றுக்கு 2 என்று தெரிந்தால், அவருடைய கடன் 2,000 டாலரே. 8,170 டாலர் வட்டியுடன் திரும்பி வரும். வேறுபாடு 15 என்று தெரிந்தாலோ, 4,830 டாலரை வட்டியுடன் மேலும் கட்ட வேண்டும். இந்தியாவில் முறை வேறு. இங்கு அறிவிக்கப்பட்ட விகிதத்தில் தீர்வை அப்போதே வசூலாகிறது. மிகுதியாகச் செலுத்தியதை மெய்ப்பித்தால் 1975ஆம் ஆண்டுச் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 9ஏஏ பிரிவின்கீழ் திரும்பப் பெற வழியுண்டு.

அமெரிக்காவில் மறுஆய்வு தானே வருவதன்று. ஒரு காலத்தில் ஒவ்வோர் ஆணையையும் ஆண்டுதோறும் ஆராயவேண்டும் என்றிருந்தது. வேலைப்பளு மிகுந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டம், கேட்போருக்கு மட்டுமே மறுஆய்வு என்று மாற்றியது. கேட்கும் காலமும் குறுகியது: ஆணை வெளியான மாதம் ஆண்டுதோறும் திரும்பி வருகையில், அந்த ஒரு மாதத்திற்குள் எழுத்து மூலம் வேண்டுகோள் சேரவேண்டும். இறாலுக்கு அது பிப்ரவரி. 2024 பிப்ரவரியில் கேட்டால், 2023 பிப்ரவரி முதல் 2024 ஜனவரி முடிய வந்த சரக்கு ஆராயப்படும். எவரும் கேட்கவில்லையெனில், கட்டிய முன்வைப்பே இறுதித் தீர்வையாகிக் கணக்கு முடிக்கப்படும். மாதத்தைத் தவறவிட்ட வணிகருக்கு, விகிதம் எவ்வளவு மிகையாயினும், அவ்வாண்டுக்கு இவ்வழி அடைபட்டது.

உள்நாட்டு உற்பத்தியாளரும் அயல்நாட்டு ஏற்றுமதியாளரும் கேட்கலாம், இறக்குமதியாளரும் கேட்கலாம். ஆனால் இறக்குமதியாளர், தாம் யாருடைய சரக்கை இறக்கினாரோ அந்த ஏற்றுமதியாளரை அல்லது உற்பத்தியாளரைப் பற்றி மட்டுமே கேட்க முடியும். அவர்கள் பெயரை வேண்டுகோளில் குறித்து, அவர்களுக்கும் முதலில் முறையிட்ட உள்நாட்டுத் தொழிலாருக்கும் நகல் அனுப்ப வேண்டும். இந்த வரம்பு நியாயமே. போட்டியாளரின் விநியோகத்தாரை வீண் விசாரணைக்கு இழுக்கும் குறும்புக்கு இது இடந்தராது.

வேண்டுகோள் எழுதுவது எளிது. அதன்பின் வருவதே கடினம். இலாகா கேட்கும் விலைப்பட்டியல்களும் செலவுக் கணக்குகளும் இறக்குமதியாளர் கையில் இல்லை. கடலுக்கு அப்பால் ஏற்றுமதியாளர் வீட்டுப் பேரேட்டில் உள்ளன. உள்நாட்டு விற்பனை போதாதெனில், மூன்றாம் நாட்டுக்கு விற்ற விலையையோ உற்பத்திச் செலவையோ கொண்டு ஒப்பிடுவார்கள். ஏற்றுமதியாளர் விடைதர மறுத்தால், கிடைத்த செய்திகளுள் அவருக்குப் பாதகமானவற்றைக் கொண்டு விகிதம் குறிக்கலாம். அதன் சுமை இறக்குமதியாளர் தலையில் விழும். ஏற்றுமதியாளர் பலராக இருக்கும்போது இருவர் மூவரை மட்டும் தேர்ந்து ஆராய்ந்து, ஏனையோருக்கு அவர்கள் விகிதத்தின் சராசரியை வழங்குவதும் உண்டு. முன்பின் அறியாத ஒருவரின் கணக்கு தம் கடனை முடிவு செய்வது எந்த வணிகருக்கும் கசப்பானதே. ஆதலின் விவரமறிந்தவர், ஏற்றுமதியாளரோடு கலந்து, அவர் ஒத்துழைப்பார் என்று உறுதி பெற்ற பின்னரே கேட்பார். கேட்டபின் தயக்கம் பிறந்தால், மறுஆய்வு தொடங்கிய அறிவிப்பு வெளியான 90 நாட்களுக்குள் வேண்டுகோளை விலக்கிக்கொள்ளலாம். எனினும் உள்நாட்டுத் தொழிலாரும் அதே நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருந்தால், விசாரணை நிற்காது.

முதல்நிலை முடிவு, அந்த மாத இறுதியிலிருந்து 245 நாட்களிலும், இறுதி முடிவு அதன்பின் 120 நாட்களிலும் வரவேண்டும் என்பது விதி, நீட்டிப்பும் உண்டு. வேறுபாடு நூற்றுக்கு அரை விழுக்காட்டிற்கும் குறைவாயின் அது இன்மையாகவே கொள்ளப்படும். இங்கே ஓர் எச்சரிக்கை: இத்தீர்வையை ஏற்றுமதியாளர் தமக்கு ஈடுசெய்யவில்லை என்று இறக்குமதியாளர் சான்றளிக்க வேண்டும். சான்று இல்லையேல், ஈடுசெய்ததாகவே கருதித் தீர்வையை இருமடங்காக்கலாம்.

முடிவு பிழையெனத் தோன்றினால் 30 நாட்களுக்குள் நியூயார்க்கிலுள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் வழக்கு தொடுத்ததனால் மட்டும் சுங்க இலாகா கணக்கை முடிக்காமல் நிற்காது. நிறுத்தும் தடையாணையையும் பெறவேண்டும். ஜப்பானியத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பற்றிய வழக்கொன்றில், ஜெனித் ரேடியோ என்னும் அமெரிக்க நிறுவனம் 1983இல் இத்தகைய தடையாணைக்காக வாதாடியது. கணக்கு ஒருமுறை முடிந்துவிட்டால், பின்னர் வழக்கில் வென்றாலும் அச்சரக்குக்குரிய தீர்வை மாறாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் ஏற்றுக்கொண்டது.