மாணவர் காசில் எழும் சூரியப் பண்ணை: கேட்க வேண்டிய கணக்கு

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் முதல் செமஸ்டர் பில்லில் முதலில் தேடுவது கல்விக் கட்டணத்தைத்தான். அசிஸ்டென்ட்ஷிப் கிடைத்தவர்களுக்கு அது கழிந்துவிடும். ஆனால் பஸ், உடற்பயிற்சிக் கூடம், மருத்துவம் என்று அதற்குக் கீழே இருக்கும் சில்லறைக் கட்டணங்களில் பல அப்படியே நிற்கும். அவற்றின் நடுவே பல வளாகங்களில் பசுமை எரிசக்திக்கென்று சில டாலர் இருக்கிறது. சில இடங்களில் தனியாக, சில இடங்களில் மாணவர் கட்டணம் என்ற மொத்தத் தொகைக்குள். அரசாங்கம் போட்ட வரி என்று நினைத்துக்கொண்டு கட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் பெரும்பாலும் அது முன்பு அங்கே படித்த மாணவர்கள் வாக்களித்து, தங்கள் மீதும் பின்னால் வருகிறவர்கள் மீதும் விதித்துக்கொண்ட கட்டணம். அப்படி வந்த பணம் என்பதாலேயே அதன் கணக்கைக் கேட்கும் உரிமை கட்டுகிற ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாக மாணவர்கள் 2000-ஆம் ஆண்டில் செமஸ்டருக்கு 1 டாலர் கூடுதலாகக் கட்டிக் காற்றாலை மின்சாரம் வாங்குவதென்று வாக்களித்தார்கள். கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா வளாகம் 2006-லும் பெர்க்லி 2007-லும் பசுமை நிதி தொடங்கின. இவற்றில் நாம் நின்று பார்க்க வேண்டியது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம். இந்திய மாணவர்கள் நிறையப் படிக்கும் இடம் அது. மாணவர் பணத்தில் எது நடக்கும், எது நடக்காமல் போகும் என்ற இரண்டையும் அங்கே பார்க்கலாம்.

2003-ல் அந்த மாணவர்கள் தூய எரிசக்திக்காக செமஸ்டருக்கு 2 டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் தென்புறப் பண்ணை நிலத்தில் மூன்று காற்றாலைகளை நிறுத்த வேண்டும் என்பது பெரிய கனவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40,000 பேர், ஆளுக்கு செமஸ்டருக்கு 2 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,60,000 டாலர். ஒரு பெரிய காற்றாலைக்கோ பல மில்லியன் டாலர் ஆகும். வெளியிலிருந்து மானியம் கிடைத்தும் செலவு ஏறிக்கொண்டே போனது. மூன்று என்பது ஒன்றாகக் குறைந்தது. இரைச்சல் வரும் என்று அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். 2011-ல் திட்டம் கைவிடப்பட்டது. முதல் 2 டாலரைக் கட்டியவர்கள் அதற்குள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், ஊர் மாறியிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் இதுதான் என்று நினைக்கிறேன். பணம் கட்டுகிறவர் இரண்டு ஆண்டோ நான்கு ஆண்டோ இருக்கிறார். திட்டமோ பத்து, பதினைந்து ஆண்டு நீள்கிறது. கட்டியவர் கேள்வி கேட்க இருப்பதில்லை. இருக்கிறவருக்குப் பழைய கதை தெரிவதில்லை.

அதே வளாகத்தில் நடந்தேறிய வேலையும் இருக்கிறது. வின்ட்சர் சாலைக்குத் தெற்கே, ரயில் தண்டவாளத்தை ஒட்டி 20.8 ஏக்கரில் 18,000-க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 2015 இறுதியில் மின்சாரம் தரத் தொடங்கிய பண்ணை அது. ஆண்டுக்கு ஏறத்தாழ 78 லட்சம் யூனிட், அதாவது வளாகத் தேவையில் சுமார் 2 சதவீதம் கிடைக்கும் என்பது மதிப்பீடு. மாணவர் கட்டணப் பணத்தைப் பங்கிடும் மாணவர் நிலைத்தன்மைக் குழு தன் நிதியிலிருந்து இதற்கு 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. பண்ணையைக் கட்டியது ஃபீனிக்ஸ் சோலார் என்ற நிறுவனம். பத்து ஆண்டுக்கு உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதையும் பல்கலைக்கழகம் வாங்கிக்கொள்ளும், அதன்பின் பண்ணையே பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடும் என்பது ஒப்பந்தம். ஜெர்மனியிலிருந்த தாய் நிறுவனம் 2017 டிசம்பரில் திவால் மனு போட்டது. பண்ணை நின்றுவிடவில்லை. ஆனாலும் கட்டிய நிறுவனம் நொடித்துப் போனால் பராமரிப்பு யார் பொறுப்பு, உரிமை யாருக்கு மாறும் என்பவை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதலிலேயே பார்க்க வேண்டியதன் அவசியம் இதில் புரியும்.

காற்றாலைக் கனவுக்கும் வேறு வழி கிடைத்தது. 2016-ல் ரயில் ஸ்பிளிட்டர் என்ற காற்றாலைப் பண்ணையிலிருந்து 10 ஆண்டுக்கு மின்சாரம் வாங்கப் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போட்டது. 2021-ல் இரண்டாவது சூரியப் பண்ணையும் வந்தது.

இத்தகைய ஒப்பந்தங்களில் பலர் கவனிக்காமல் விடும் ஆபத்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் ஒவ்வொரு 1,000 யூனிட்டுக்கும் ஒரு சான்று உருவாகிறது. மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றை வேறொருவருக்கும் தனித்தனியே விற்கலாம். கூரையில் தகடு மின்னிக்கொண்டிருக்கும்; அதன் சான்றை நிறுவனம் வெளியே விற்றிருந்தால் 'எங்கள் வளாகம் சூரிய ஒளியில் இயங்குகிறது' என்று சொல்லும் தகுதி வளாகத்துக்கு இல்லை. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2012-ல் திருத்தி வெளியிட்ட பசுமை விளம்பர வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: சான்றுகள் அனைத்தையும் விற்றுவிட்டு, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைப் பயன்படுத்துவதாகச் சொல்லிக்கொள்வது ஏமாற்று. ஆகவே சான்று யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. வளாகங்கள் தங்கள் பசுமைச் செயல்பாட்டைப் பதிவு செய்யும் ஸ்டார்ஸ் என்ற மதிப்பீட்டு முறை உண்டு. அதில் பங்கேற்கும் பல்கலைக்கழகங்களின் அறிக்கைகள் பொதுவெளியில் இருக்கின்றன; சான்று விவரத்தை அங்கேயே தேடிப் பார்க்கலாம்.

இனி உரிமைகள். இந்தக் கட்டணத்தைப் புதிதாக விதிக்கவோ, கூட்டவோ, நீட்டிக்கவோ மாணவர் வாக்கெடுப்பு நடக்கும்போது வெளிநாட்டு மாணவர்களுக்கும் வாக்கு உண்டு. விசாவில் இருக்கிறோம், வாக்களித்தால் வம்பு வந்துவிடுமோ என்ற பயம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு: அமெரிக்க அரசுத் தேர்தல்களில் சட்டத்துக்குப் புறம்பாக வாக்களிப்பதும், குடிமகன் என்று பொய் சொல்வதும் நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய குற்றம். மாணவர் வாக்கெடுப்பு அந்தக் கணக்கில் வராது. அது வளாகத்துக்குள் நடப்பது, பதிவு செய்த மாணவர் என்பதே தகுதி. பெரும்பாலும் பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்து இணையத்திலேயே போட்டுவிடலாம். குடியுரிமை பற்றிய படிவம் ஏதாவது குறுக்கே வந்தால் மட்டும் நிறுத்தி, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாக்கெடுப்பில் வென்றால் மட்டும் போதாது, பொதுவாக அறங்காவலர் குழுவும் கட்டணத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். நிதியைப் பங்கிடும் குழுவில் மாணவர்களுக்கு இடம் உண்டு. இரண்டு ஆண்டு எம்.எஸ். படிக்க வந்தவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தப் பேச்சை உள்ளிருந்து பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் திரும்பப் பெறும் வசதி வைத்திருக்கின்றன. செமஸ்டர் தொடங்கிய சில வாரங்களிலேயே கெடு முடிந்துவிடும் என்பதால் மாணவர் கணக்கு அலுவலகத்தில் உடனே கேட்க வேண்டும். கையைக் கடிக்கிற நிலையில் இருக்கும் மாணவர் அப்படித் திரும்பப் பெறுவதில் தவறே இல்லை.

பணம் எங்கே போனது என்று குழுவோ நிர்வாகமோ சொல்ல மறுத்தால் சட்டம் இருக்கிறது. இல்லினாயில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அம்மாநிலத் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. நம் ஊர் ஆர்.டி.ஐ. மனுவுக்கு 30 நாள் என்றால் அங்கே வணிக நோக்கமில்லாத மனுவுக்கு 5 வேலை நாள். தேவைப்பட்டால் இன்னொரு 5 வேலை நாள் நீட்டித்துக்கொள்வார்கள். யாரும் கேட்கலாம், குடியுரிமை தேவையில்லை. கறுப்பு வெள்ளைப் படியில் முதல் 50 பக்கம் இலவசம். மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் உள்ள பொதுத் தகவல் ஆலோசகரிடம் 60 நாளுக்குள் முறையிடலாம். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே மாணவர் பேரவை வழியாகத்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும். மற்ற மாநிலங்களில் சட்டமும் கெடுவும் வேறு.

மனுவில் 'பசுமை நிதி பற்றிய எல்லாத் தகவலும்' என்று எழுதாதீர்கள். அத்தனையும் திரட்டுவது பெருஞ்சுமை என்று சொல்லித் தட்டிக்கழிக்க அது இடம் கொடுக்கும். திட்டத்தின் பெயர், நிதியாண்டு இரண்டையும் குறிப்பிட்டு இந்த ஆவணங்களைக் கேளுங்கள்: மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தின் நகல், சான்றுகள் யார் பெயரில் உள்ளன என்பதற்கான பதிவு, மாணவர் நிதியிலிருந்து கொடுத்த தொகையும் தேதியும், கைவிட்ட திட்டமென்றால் மீந்த பணம் எந்தக் கணக்குக்கு மாற்றப்பட்டது என்ற பதிவு. கிடைத்த பதிலை மாணவர் பேரவையின் கோப்பிலும் ஒரு படி சேர்த்துவிடுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போனபிறகு வருகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.