மெல்ல உறைந்த எஃகும் நொடியில் உறைந்த எஃகும்

இரண்டு நுண்ணோக்கிகளிலும் இருப்பது ஒரே வகை எஃகுதான்: டிரில் பிட், மில்லிங் கட்டர் செய்யும் ஹை ஸ்பீடு ஸ்டீல். டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் கலந்தது.

இடப்பக்கத் துண்டு, அச்சில் வார்த்த கட்டியிலிருந்து வெட்டியது. கட்டியின் நடுப்பகுதி மெதுவாகத்தான் உறையும். அதற்குள் கார்பைடுகள் (இந்த உலோகங்களும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்கள்) கொழுத்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன. காய்ச்சி அடித்து நீட்டினாலும் வலை முழுதாகக் கலைவதில்லை. அதன் மிச்சம்தான் நீங்கள் பார்க்கும் வெள்ளை வரிகள். விரிசல் அவற்றை ஒட்டியே ஓடும்.

வலப்பக்கத்தில் வரிகளைத் தேடாதீர்கள், இல்லை. உருகிய எஃகின் தாரையை நைட்ரஜன் பீறிட்டுச் சிதறடிக்க, துளிகள் கீழே விழுவதற்குள் உறைந்துவிட்டன. கார்பைடு வளர நேரமே கிடைக்கவில்லை. எல்லாம் சில மைக்ரான் புள்ளிகள். அந்தப் பொடியை எஃகு உறையில் அடைத்து, காற்றை நீக்கி, சுமார் 1150 டிகிரி செல்சியசில் எல்லாப் பக்கமும் அழுத்தித் திடமாக்குவார்கள். 1970-களில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இந்தப் பொடி முறை தொழிலானது. விலை அதிகம், வீட்டுச் சுவரில் ஓட்டை போட இது தேவையில்லை.

வெப்பப் பதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. 1200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கிச் சட்டெனக் குளிர்விப்பார்கள். பிறகு 560 டிகிரியை ஒட்டி, பெரும்பாலும் மூன்று முறை, டெம்பரிங் எனும் மறுசூடாக்கல். ஆஸ்டினைட் என்பது அதிகச் சூட்டில் எஃகு கொள்ளும் படிக அமைப்பு; குளிர்ந்தபின்னும் மாறாமல் தங்கிய அது, முதல் டெம்பரிங் முடிந்து ஆறும்போது மார்ட்டென்சைட் என்ற கடின அமைப்பாகிறது. புது மார்ட்டென்சைட் எளிதில் நொறுங்கும் என்பதால்தான் மறுபடி சூடு. சாதாரண எஃகு இந்தச் சூட்டில் இளகும். இதுவோ இன்னும் இறுகும். காரணம், அப்போது புதிதாகப் பிறக்கும் மிக நுண்ணிய கார்பைடுகள். அவை இந்த நுண்ணோக்கிக்கு எட்டாது.