லேபலில் இல்லாத சரக்கு

சில மாதங்களுக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு விற்பனை முகவர் மன்னார் பஸாரில் உள்ள எனது கடைக்கு வந்தார். மேசையில் ஒரு போத்தலை வைத்தார்.

"நானா, புதுச் சரக்கு. களைப்பு, சோர்வு எல்லாத்துக்கும் நல்லம். டொக்டர்ர துண்டு தேவையில்ல. நூற்றுக்கு நாற்பது உங்களுக்கு" என்றார்.

நூற்றுக்கு நாற்பது! சீனி, பருப்பில் நாம் காணாத இலாபம். ஆனால் நான் கை நீட்டவில்லை. காரணம் இருக்கிறது.

முன்பு ஒரு தடவை இப்படித்தான் "மூலிகை" என்று சொல்லி வந்த முழங்கால் வலிக் குளிசையை வாங்கி விற்றேன். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த வயதான மீனவர் ஒருவர் தொடர்ந்து வாங்கினார். வலி பறந்து விட்டதாகச் சந்தோஷப்பட்டார். சில மாதங்களில் முகம் ஊதியது, சீனி வருத்தமும் கூடியது. என்னிடம் சரக்கு முடிந்ததும் குளிசையை நிறுத்தினார். ஒரு வாரத்தில் சுபஹுக்கு எழும்பியவர் மயங்கி விழுந்தார். வைத்தியசாலையில் போத்தலைப் பார்த்த டொக்டர், "ஸ்டீரொயிட் கலந்திருக்க வேண்டும்" என்றார். அல்லாஹ்வின் கிருபையால் அவர் பிழைத்துக்கொண்டார். "நீ தெரியாமத்தானே தந்தாய் மகன்" என்று அவர் சொன்னது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. தெரியாமல் விற்பதும் ஒரு குற்றம்தானே?

போத்தலுக்குள் என்ன?

முகவர் கொண்டு வந்தது மாட்டின் அட்ரினல் சுரப்பியைக் காயவைத்துத் தூளாக்கிய குளிசை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் சிறிய சுரப்பி அது. 1930களில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் கெண்டல் என்ற விஞ்ஞானி மாட்டின் இந்தச் சுரப்பியிலிருந்துதான் கோர்ட்டிசோனைப் பிரித்தெடுத்தார். 1950இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இது வெறும் சத்துணவு அல்ல. மருந்து ஊறும் உறுப்பு.

அதே மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், துண்டின்றி விற்கப்படும் 12 வகை அட்ரினல் குளிசைகளைப் பரிசோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைரொயிட் ஹோர்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் ஏதாவதொரு ஸ்டீரொயிட் ஹோர்மோனும் இருந்தது. அளவு சிறியதுதான். ஆனால் தைரொயிட் ஹோர்மோன் ஒரு வகையில் இருந்ததை விட இன்னொன்றில் ஆறு மடங்கு கூட. நமது தராசில் ஆறு மடங்கு வித்தியாசம் வந்தால் ஊர் விடுமா?

அளவு கூடினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. "ஆர்ட்ரி கிங்" என்ற மூட்டு வலிக் குளிசையில் லேபலில் சொல்லப்படாத டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் இருப்பதாக 2022இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. வெளியிலிருந்து ஸ்டீரொயிட் வந்துகொண்டே இருந்தால் நமது சுரப்பி வேலையை விட்டுவிடும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், உயிரும் போகலாம். தைரொயிட் ஹோர்மோன் கூடினால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தவறும்.

இதையெல்லாம் எதற்காக விற்கிறார்கள்? "அட்ரினல் களைப்பு" என்ற நோய்க்காம். ஹோர்மோன் துறை வைத்திய நிபுணர்களின் சங்கங்கள் அப்படியொரு நோயையே ஏற்கவில்லை. களைப்புக்குக் காரணம் இரத்தச்சோகையாகவோ, சீனி வருத்தமாகவோ இருக்கலாம். போத்தலை விற்று அதை மறைத்து விடுகிறோம்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை

ஒன்று: 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மருந்து மட்டுமல்ல, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருள்களும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கீழ் வருகின்றன. பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இரண்டு: முறையான பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். வெளிநாட்டுப் பயணப் பையில் வந்தது, கடல் வழியாக வந்தது எல்லாம் இதில் அடக்கம். பிடிபட்டால் மாட்டுவது கடைக்காரர்.

மூன்று: சுரப்பி எந்தப் பிராணியுடையது, எப்படி அறுக்கப்பட்டது? லேபல் சொல்லாவிட்டால் நமது வாடிக்கையாளருக்கு ஹலால் என்று எப்படிக் கொடுப்பது?

நான்கு: ஏற்கெனவே பாவிப்பவரைப் பயமுறுத்தி உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். போத்தலோடு டொக்டரிடம் அனுப்புங்கள்.

1990 ஒக்டோபரில் கடையைப் போட்டுவிட்டு வெளியேறியவர்கள் நாங்கள். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து திறந்தபோது ராக்கைகள் வெறுமையாக இருந்தன. "இன்னாருடைய கடை" என்று தேடி வந்த சனம்தான் எங்கள் முதல். அந்த முதலை நூற்றுக்கு நாற்பதுக்கு விற்க முடியுமா?

முகவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். போத்தலைத் திருப்பிக் கொடுத்தேன்.