கிளட்ச் கேபிள் அறுந்த வாரம்

நைட் ட்யூட்டி முடிந்து வீடு திரும்பும் வெள்ளிக்கிழமை காலை. தோர்ண்டன் ஹீத் பிரிக்ஸ்டாக் ரோட்டில் சிக்னல் சிவப்பானது. இடது கை கிளட்சைப் பிடித்தது. பிடியில் கனமே இல்லை. செத்த விரல் மாதிரி ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது. கியரில் இருந்த வண்டி முன்னால் ஒரு குதி குதித்து, உலுக்கி, நின்றுபோனது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு தாய்க்கும் எங்கள் முன் சக்கரத்துக்கும் நடுவே இரண்டடி இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வை போதும்.

வண்டியை நியூட்ரலுக்குத் தட்டி, வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தோம்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் நர்ஸ், மற்றவர் கணக்கு எழுதுகிறவர். இருவரும் ஒரே 125 சிசி வண்டியை முறைபோட்டு ஓட்டுகிறோம். ஸ்பேனர் பிடித்த பழக்கம் இருவருக்கும் கிடையாது. ஊரில் என்றால் தெருமுனைக் கடையில் விட்டுவிட்டு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் "போட்டாச்சு அண்ணே" என்று சத்தம் வரும். இங்கே மெக்கானிக்கிடம் கேட்டால் அடுத்த வாரம்தான் இடம் இருக்கிறது என்றார்கள். ஞாயிறு இரவு மறுபடியும் ட்யூட்டி. சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று கேபிளை வாங்கி வந்தோம்.

உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி அழுத்தினாலும் சுருங்காத ஒரு சுருள் உறை. கேபிள் என்பது அவ்வளவுதான். உறை இருப்பதால்தான் கம்பி எத்தனை வளைவில் போனாலும் ஒரு முனையில் இழுத்த இழுப்பு மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது. இதற்கு 1896-இல் காப்புரிமை வாங்கியவர் எர்னஸ்ட் மோனிங்டன் பவுடன். நம்முடைய இதே லண்டனில், பெட்ஃபோர்ட் பிளேஸில் குடியிருந்தவர். இன்றைக்கும் சைக்கிள் பிரேக்கிலிருந்து எங்கள் கிளட்ச் வரைக்கும் அதே ஏற்பாடுதான்.

அறுந்த நுனியை மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல, பல மெல்லிய புரிகளை முறுக்கிச் செய்தது. வெள்ளிக்கிழமை அறுந்தவை பளபளவென்று இருந்தன. அவை சில புரிகள்தான். மற்றவை நுனி மங்கி, துருப் பிடித்துக் கிடந்தன. அவை முன்பே அறுந்தவை. மிச்சம் இருந்த இரண்டு மூன்று புரிகளை நம்பித்தான் நாங்கள் தினமும் லண்டன் ரோட்டில் போய்வந்திருக்கிறோம்.

வண்டி சொல்லாமல் இல்லை. மூன்று வாரமாகக் கிளட்ச் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. விடும்போது ஒரு நறநறப்பு. நியூட்ரல் எளிதில் விழவில்லை. குளிர்தான் காரணம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். வார்டில் இப்படி இருந்துவிட முடியுமா? 2012-இல் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு, ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம், நாடி, உணர்வு, காய்ச்சல் என்று ஆறையும் பார்த்து எண் போடுகிறோம். எண் ஏறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். குளிர் மேல் பழிபோட முடியாது. ஆளுக்கு ஒரு கண், வண்டிக்கு ஒரு கண் என்று வைத்திருந்தோம் போல.

பிடியின் பக்கத்தில் அறுந்ததற்கும் காரணம் இருக்கிறது. கம்பியின் நுனியில் ஒரு சின்ன உருளைக் குமிழ் உண்டு. நாம் கிளட்சைப் பிடிக்கும்போதெல்லாம் அது தன் குழியில் லேசாகச் சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்துபோனால் குமிழ் சுழலாது, அதற்குப் பதிலாகக் கம்பி மடங்கும். தகரத்தை முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கிறோமே, அதே கதைதான். ஒரு சிக்னலுக்கு நாலு தடவை பிடிக்கிற ஊரில் எவ்வளவு நாள் தாங்கும்?

சனிக்கிழமை காலை வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினோம். (போட்டிருந்த கையுறைகள் கடையில் வாங்கியவை, வார்டிலிருந்து எடுத்து வந்தவை அல்ல.) முதலில் கேபிள் போகும் வழியைப் போனில் நாலு படம் எடுத்தோம். எஞ்சின் பக்கம் இருந்த இரண்டு நட்டுகளைத் தளர்த்தி, கீழ்நுனியைக் கழற்றினோம். பழையதை அப்படியே உருவிவிடவில்லை. அதன் மேல்நுனியில் ஒரு நீளமான நூலைக் கட்டிவிட்டுக் கீழிருந்து இழுத்தோம். கேபிள் வெளியே வந்தது, நூல் அது போன வழியிலேயே தங்கிவிட்டது. புதியதை அந்த நூலில் கட்டி மேலே இழுத்தால் வேலை முடிந்தது. ஸ்வீடன் டாக்டர் செல்டிங்கர் 1953-இல் ரத்தக்குழாய்க்குள் முதலில் மெல்லிய கம்பியை விட்டு, அதன் மேல் குழாயை ஏற்றச் சொல்லிக்கொடுத்தது கிட்டத்தட்ட இதுதான். புல்லட்டில் லடாக் போகிறவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள்; மாற்றுக் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

குமிழுக்கும் பிடியின் திருகுக்கும் கிரீஸ் வைத்தோம். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் எங்கும் சிக்காமல், இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். இதுவரை எல்லாம் சரி.

தவறு அடுத்ததில். வெள்ளிக்கிழமை தொளதொளத்த பிடி மனசை விட்டுப் போகவில்லை. அதனால் கொஞ்சமும் ஆட்டமே இல்லாதபடி நன்றாக இறுக்கிவிட்டோம். பிடித்துப் பார்த்தால் கல் மாதிரி உறுதி. இருவருக்கும் திருப்தி. மாலையில் கிரேஞ்ச் ரோடு ஏற்றத்தில் அப்பர் நோர்வுட் பக்கம் ஏறினோம். எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. பாதி ஏற்றத்தில் கருகல் வாடை. பின்னால் கார்கள்.

கிளட்ச் தட்டுகளை ஸ்பிரிங்குகள் சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். பிரிப்பதற்கு மட்டும்தான் கேபிள். அதைச் சதா இறுக்கமாக வைத்தால் தட்டுகள் அரைகுறையாகப் பிரிந்தே நின்று, வழுக்கி, சூடேறித் தேய்ந்துபோகும். எதிர்ப்பக்கமாக ரொம்பத் தளர்ந்தால் தட்டுகள் முழுக்கப் பிரியாது. கியர் முரண்டு பிடிக்கும், வெள்ளிக்கிழமை மாதிரி வண்டி தானாக முன்னேறவும் செய்யும். எங்கள் வண்டியின் கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது: பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். கையேடு வீட்டு அலமாரியில் இருந்தது. டோஸ் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காத கை, அளவைப் பார்க்காமல் நட்டை முறுக்கியிருக்கிறது. இறங்கி, வண்டியைத் திருப்பி, இறக்கத்தில் மெதுவாக வீடு வந்தோம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைத் தேடி எடுத்து, 15 மில்லிமீட்டரில் நிறுத்தினோம். தட்டுகள் தப்பித்தன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கார் நிறுத்தும் இடத்தில் வாலிபர்களிடம் இந்தக் கதையைச் சொன்னோம். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், இருந்த நாலு வண்டிகளின் பிடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இரண்டில் குமிழ் காய்ந்து கிடந்தது. இன்னொன்றில், பிடியை இழுத்துப் பிடித்தபோது, இரண்டு புரிகள் மீன் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அது பதினெட்டு வயதுத் தம்பி ஒருவனுடையது. சிபிடி முடித்து எல் போர்டு மாட்டி, வார இறுதியில் சாப்பாடு டெலிவரிக்கு அதில்தான் போகிறான். பைக் வாங்கவே வேண்டாம் என்று அழுத அவன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவு நாளா இதுலதானே போயிட்டு வந்தான்?" என்று எங்களைத்தான் கேட்டார். "ஆமாம் அக்கா" என்பதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை.

அன்றைக்கு அவன் வண்டியை அங்கேயே பூட்டி வைத்துவிட்டு, அம்மாவோடு 250-ஆம் நம்பர் பஸ்ஸில் போனான். செவ்வாய் மாலை அவனும் ஒரு நண்பனுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு, புதுக் கேபிளோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். டார்ச் பிடித்ததும் நூல் எடுத்துக் கொடுத்ததும் மட்டும்தான் நாங்கள். மற்றதெல்லாம் அவன் கை. கடைசி நட்டை முறுக்கப் போனவன் பாதியில் நிறுத்தினான்.

"அக்கா, அந்த ஸ்கேல் எங்கே?"